பாஸ்போர்ட் இருந்தும் வீடு போக முடியாதவர்கள்

2020 மே மாதம். கொரோனாவால் மூடிக் கிடந்த வான்வழியை இந்திய அரசு சற்றே திறந்தது. 'வந்தே பாரத்' என்ற பெயரில் மே 7 முதல் சிறப்பு விமானங்கள் பறக்கத் தொடங்கின. அமெரிக்காவில் வேலை இழந்த இந்தியர் பலர் அந்த விமானங்களுக்காகவே காத்திருந்தார்கள். ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாட்கள்தான் அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டைக் காலி செய்து, சாமான்களை விற்று, பெட்டி கட்டிக்கொண்டு விமான நிலையம் வந்த குடும்பங்கள் சில, கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. அப்பா, அம்மா இருவரிடமும் இந்திய பாஸ்போர்ட் இருந்தது. அவர்கள் ஏறலாம். ஆனால் அமெரிக்காவில் பிறந்த கைக்குழந்தையிடம் அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தது. அது ஏற முடியாது.

பால் குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் விமானம் ஏறுவாள்? அந்தக் குழந்தைகளில் பலருக்கு ஓ.சி.ஐ. (இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்) அட்டை இருந்தது. இந்தியாவுக்கு வாழ்நாள் முழுவதும் விசா இல்லாமல் வந்துபோகலாம் என்று இந்திய அரசே கொடுத்த அட்டை அது. தேவைப்பட்ட நேரத்தில் அந்த அட்டை செல்லவில்லை.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அரசமைப்பின் 9ஆவது பிரிவும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. இன்னொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றவர் அப்போதே இந்தியக் குடியுரிமையை இழந்துவிடுகிறார். பழைய இந்திய பாஸ்போர்ட்டையும் ஒப்படைத்துவிட வேண்டும். கடல் கடந்து போனவர்கள் நெடுங்காலம் கேட்டு வந்த இரட்டைக் குடியுரிமைக்குப் பதிலாக, 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் வந்ததுதான் ஓ.சி.ஐ. திட்டம். 2006 ஜனவரியில் ஹைதராபாத்தில் நடந்த வெளிநாடுவாழ் இந்தியர் மாநாட்டில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அதைத் தொடங்கி வைத்தார். அட்டை வைத்திருப்பவர் எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தங்கலாம். வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இன்று உலகெங்கும் 40 லட்சம் பேருக்கு மேல் இந்த அட்டை வழங்கப்பட்டிருக்கிறது. பாதிக் குடியுரிமை என்று நம்பித்தான் பலரும் இதை வாங்கினார்கள். சென்னையில் வீடு, தஞ்சாவூரில் வயதான அம்மா, சிங்கப்பூரிலோ டல்லாஸிலோ வேலை என்று வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்களுக்கு அந்த நம்பிக்கை தவறென்று தோன்ற காரணமே இருந்ததில்லை.

2020 மார்ச் 11 அன்று வந்த அறிவிப்பு அதை மாற்றியது. மார்ச் 13 முதல் அநேகமாக எல்லா விசாக்களும் நிறுத்தி வைக்கப்பட்டன. ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களின் விசா இல்லாப் பயண வசதியும் அதோடு நின்றது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அருகிலுள்ள இந்தியத் தூதரகத்தை அணுகலாம் என்றார்கள். மார்ச் 22 முதல் சர்வதேசப் பயணிகள் விமானங்களே நின்றன. அந்த நாட்களில் இந்தியக் குடிமக்களும் வெளியேதான் தவித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. பிலிப்பைன்ஸில் மருத்துவம் படித்த மாணவர்கள் கோலாலம்பூர் விமான நிலையத்தில் நடுவழியில் சிக்கிக்கொண்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களை அழைத்து வரக் கோரிய மனுக்களை ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நான்கு வாரங்களுக்குத் தள்ளி வைத்தது. ஆக, மார்ச் 22 முதல் மே 6 வரை தடை எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. மே 7க்குப் பிறகு, ஒரே குடும்பத்துக்குள் அது பிரிவினை ஆயிற்று.

குழந்தைகளின் விஷயத்தில் சட்டத்தின் போக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தை, அந்நாட்டு அரசமைப்பின் 14ஆவது திருத்தத்தின்படி பிறக்கும்போதே அமெரிக்கக் குடிமகன். இந்தியப் பெற்றோர் விரும்பினால் ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிவு செய்து அந்தக் குழந்தையை இந்தியக் குடிமகன் ஆக்கலாம். ஆனால் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். மைனராக இருக்கும்வரை ஒருவர் இரு நாட்டுக் குடிமகனாக இருக்கக்கூடும் என்பதை இந்தியக் குடியுரிமைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. 18 வயதான பின் 6 மாதத்துக்குள் மற்ற நாட்டின் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்கிறது அதன் 4ஆவது பிரிவு. நடைமுறையில் பெரும்பாலான பெற்றோர் அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்து, அதன்மேல் ஓ.சி.ஐ. அட்டை வாங்குகிறார்கள். அதுதான் சுலபம். அரசும் அதையே எதிர்பார்க்கிறது. அப்படி அரசு காட்டிய வழியில் போனவர்களைத்தான் 2020 மே மாதத்தில் விமான நிலையக் கவுன்ட்டர் திருப்பி அனுப்பியது.

கூச்சல் எழுந்த பிறகு, மே 22 அன்று உள்துறை அமைச்சகம் நான்கு வகையினருக்கு விலக்கு அளித்தது. இந்தியக் குடிமக்களுக்கு வெளிநாட்டில் பிறந்து ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் சிறுவர்கள், குடும்பத்தில் மரணம் போன்ற அவசரத்துக்காக வருபவர்கள், கணவன் மனைவியரில் ஒருவர் இந்தியராக இருந்து இந்தியாவில் நிரந்தர வீடு உள்ளவர்கள், பெற்றோர் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களாக உள்ள பல்கலைக்கழக மாணவர்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் இருப்போருக்கு ஆகஸ்டில் வழி பிறந்தது. அக்டோபர் 21 அன்றுதான் எல்லா ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களும் வரலாம் என்று அறிவிப்பு வந்தது. கணவனும் மனைவியும் ஓ.சி.ஐ. ஆகி, சென்னையிலோ பெங்களூரிலோ பத்தாண்டுகளாக வேலை பார்த்து, மார்ச் மாதம் பிள்ளையைப் பார்க்க வெளிநாடு போனவர்கள் அந்த நான்கு வகையிலும் சேரவில்லை. அவர்களுடைய வீடு, வேலை, வங்கிக் கணக்கு எல்லாம் இங்கே இருந்தன. ஆட்கள் மட்டும் அங்கே இருந்தார்கள்.

மரணத்துக்கு வர அனுமதி கிடைத்ததே என்று ஆறுதல் கொள்ள முடியாது. மே 22க்கு முன்பு இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு அதனால் பயன் இல்லை. அதற்குப் பின்பும், அனுமதி வாங்கி, பரிசோதனைச் சான்று பெற்று, சிறப்பு விமானத்தில் இடம் பிடித்து, வந்திறங்கித் தனிமைப்படுத்தலில் இருந்து வெளியே வருவதற்குள் காரியமே முடிந்துவிடும். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் கொள்ளி வைக்க வேண்டிய மகன் செல்போன் திரையில்தான் இருந்தான். சாகக் கிடக்கும் தாயைப் பார்க்க வருவது எந்த வகையில் சேரும் என்று தெரியாமல் தூதரக மின்னஞ்சலுக்குக் காத்திருந்த மகள்கள் பலர். நோய்ப் பரவலைத் தடுக்கும் கடமை அரசுக்கு உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரே விமானத்தில், ஒரே பரிசோதனையோடு வரும் இருவரில் ஒருவரை பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து நிறுத்துவதால் கிருமி நிற்காது.

காகிதம் படுத்திய பாடு

தடை ஒருபுறம் என்றால், ஆவணச் சிக்கல் இன்னொரு புறம். ஓ.சி.ஐ. அட்டை வாழ்நாளுக்கு உரியது என்றாலும், அதில் பாஸ்போர்ட் எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்நாளைய விதிப்படி 20 வயது வரை ஒவ்வொரு முறை புது பாஸ்போர்ட் எடுக்கும்போதும், 50 வயதான பிறகு ஒரு முறையும் அட்டையையும் புதிதாக வாங்க வேண்டும். பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் அடுத்த பயணத்தின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். பெருந்தொற்றில் தூதரகங்களும் விண்ணப்ப மையங்களும் மூடிக்கொண்டபோது இவர்கள் கையில் செல்லும் பாஸ்போர்ட் ஒன்றும், அதோடு எண் பொருந்தாத அட்டை ஒன்றும் இருந்தன. புதிய பாஸ்போர்ட்டோடு பழையதையும் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்ற விதியும் இருந்தது. பழையதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து, கவுன்ட்டரில் பயணத்தை இழந்தவர்கள் உண்டு.

இந்த ஒரு விஷயத்தில் அரசு சரியாகவே நடந்துகொண்டது. அட்டையைப் புதுப்பிக்கும் கெடுவைப் பலமுறை நீட்டித்தது. 2021 மார்ச் இறுதியில் பழைய பாஸ்போர்ட்டைக் கொண்டுவரத் தேவையில்லை என்றது. ஏப்ரல் 15 அன்று மறுவழங்கல் விதியையே எளிமையாக்கியது. 20 வயது நிறைந்தபின் ஒரே ஒரு முறை அட்டையை மாற்றினால் போதும். இடையில் பாஸ்போர்ட் மாறினால் புதியதன் பிரதியையும் புகைப்படத்தையும் இணையத்தில் பதிவேற்றினால் போதும், கட்டணமும் இல்லை. பெருந்தொற்றுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய சீர்திருத்தம் இது. 

அமெரிக்காவின் கதை வேறு மாதிரியானது. அந்நாடு இரட்டைக் குடியுரிமையைத் தடுப்பதில்லை. ஆனால் அமெரிக்கக் குடிமகன் எவரும் அமெரிக்க பாஸ்போர்ட்டில்தான் நாட்டுக்குள் வரவும் வெளியே போகவும் வேண்டும் என்பது சட்டம். மெக்சிகோ, இஸ்ரேல், பிரிட்டன் என்று இன்னொரு நாட்டின் பாஸ்போர்ட்டும் வைத்திருப்பவர் அதைக் காட்டி நுழைய முடியாது. குடிமகன் என்பதால் அவருக்கு விசாவும் தர மாட்டார்கள். 2020 மார்ச் 20 முதல் உள்நாட்டு பாஸ்போர்ட் அலுவலகங்கள் உயிர் போகும் அவசரங்களுக்கு மட்டும் இயங்கின. வெளிநாட்டுத் தூதரகங்களிலும் நேர்காணல் நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. 2021 கோடையில் சாதாரண விண்ணப்பத்துக்கு 18 வாரம் வரை ஆகும் என்று அந்த அரசே அறிவித்தது. தாத்தா பாட்டி வீட்டுக்குப் போன இடத்தில் பாஸ்போர்ட் காலாவதியாகிப் போனவர்கள் ஏராளம். அதிலும் குழந்தைகள் அதிகம். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அமெரிக்க பாஸ்போர்ட் ஐந்தே ஆண்டுகள்தான் செல்லும். புதுப்பிக்க வேண்டுமென்றால் தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும். ஒருவர் சிகாகோவிலும் மற்றவர் கோயம்புத்தூரிலும் மாட்டிக்கொண்டால் அந்தச் சம்மதத்தை நோட்டரி முன் கையெழுத்தாக்கி அனுப்பியாக வேண்டும்.

கடைசியில் வாஷிங்டன் ஒரு நல்ல முடிவை எடுத்தது. 2021 மே 24 முதல், 2020 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ காலாவதியான பாஸ்போர்ட் இருந்தாலும் குடிமக்கள் நேராக அமெரிக்கா திரும்பலாம் என்று அறிவித்தது. அந்த ஆண்டு இறுதிவரை என்று தொடங்கிய சலுகை இரண்டு முறை நீட்டிக்கப்பட்டு 2022 ஜூன் 30 வரை நீடித்தது. ஊர் திரும்ப மட்டும் அது செல்லும், அங்கிருந்து வேறு நாட்டுக்குப் போகச் செல்லாது. பாஸ்போர்ட்டின் தேதி முடியலாம், குடியுரிமைக்குத் தேதி கிடையாது என்பதை ஓர் அரசு நடைமுறையில் ஒப்புக்கொண்ட தருணம் அது. பெருந்தொற்று தொடங்கி 14 மாதம் கழித்து வந்தது என்பதுதான் குறை.

கனடாவில் அப்படிச் சலுகை வரவில்லை. 2016 நவம்பர் முதல், இரட்டைக் குடியுரிமை உள்ள கனடியர்கள் செல்லுபடியாகும் கனடா பாஸ்போர்ட் இல்லாமல் அந்நாட்டுக்கு விமானம் ஏற முடியாது. அமெரிக்கக் குடியுரிமையும் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. இலங்கை இரட்டைக் குடியுரிமையை 1987 முதல் சட்டப்படி அனுமதிக்கிறது என்பதால், யாழ்ப்பாணத்துக்கும் டொரன்டோவுக்கும் இடையே வாழும் குடும்பங்களுக்கு இந்த விதி நேரடியாகப் பொருந்தும். 2021 ஏப்ரல் 22 முதல் இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களைக் கனடா நிறுத்தியது. தன் குடிமக்களை வரக் கூடாது என்று அது சொல்லவில்லை. மூன்றாவது நாடொன்றுக்குப் போய், அங்கே பரிசோதனை செய்து, நோயில்லை என்ற சான்றோடு வாருங்கள் என்றது. மாலே, தோஹா, மெக்சிகோ சிட்டி என்று சுற்றி வளைத்துப் போனவர்களின் டிக்கெட் செலவு பல மடங்கானது. அந்தத் தடை செப்டம்பர் 26 வரை நீடித்தது.

சொந்தக் குடிமகனுக்கே சிறை

இவை எல்லாவற்றையும் மிஞ்சியது ஆஸ்திரேலியா. 2020 மார்ச் 20 அன்று வெளிநாட்டவருக்கு எல்லையை மூடிய அந்நாடு, ஐந்து நாள் கழித்துத் தன் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அனுமதியில்லாமல் வெளியே போகவும் தடை விதித்தது. திரும்பி வருபவர்கள் 14 நாள் ஓட்டலில் தனிமைப்படுத்தப்பட்டார்கள். அந்த ஜூலை முதல் நியூ சவுத் வேல்ஸில் அதற்கு ஒரு நபருக்கு 3,000 ஆஸ்திரேலிய டாலர் கட்டணம். ஓட்டல் அறைகள் போதவில்லை என்று வாரத்துக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதன் விளைவு கொடூரமானது. ஒரு பெரிய விமானத்தில் முப்பது, நாற்பது பேரைத்தான் ஏற்ற முடியும் என்ற நிலையில், விமான நிறுவனங்கள் அதிக விலை டிக்கெட்காரர்களை ஏற்றிக்கொண்டு சாதாரண டிக்கெட்டுகளை ரத்து செய்தன. 2020 இறுதியில் நாடு திரும்பப் பெயர் பதிவு செய்து காத்திருந்தவர்கள் 36,000க்கும் அதிகம்.

2020 கணக்குப்படி, ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த வெளிநாட்டில் பிறந்தவர்களில் இங்கிலாந்துக்காரர்களுக்கு அடுத்து இந்தியாவில் பிறந்தவர்களே அதிகம். அவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். இந்தியாவில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 ஏப்ரல் 27 அன்று, இந்தியாவிலிருந்து வரும் விமானங்களை அந்த அரசு நிறுத்தியது. ஏப்ரல் 30 இரவு சுகாதார அமைச்சர் கிரெக் ஹன்ட் ஓர் ஆணை பிறப்பித்தார். மே 3 முதல், கடந்த 14 நாட்களில் இந்தியாவில் இருந்த யாரும், ஆஸ்திரேலியக் குடிமகனாகவே இருந்தாலும், நாட்டுக்குள் நுழைந்தால் குற்றம். 5 ஆண்டு வரை சிறை, 66,600 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்த நாட்டுக்குத் திரும்புவதையே அந்நாடு தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொற்று உச்சத்தில் இருந்தபோது இப்படி ஓர் ஆணை வரவில்லை என்பதை ஆஸ்திரேலியாவின் இந்திய வம்சாவளியினர் உடனே சுட்டிக்காட்டினார்கள். அந்நாட்டு மனித உரிமை ஆணையமும் கவலை தெரிவித்தது.

அப்போது இந்தியாவிலிருந்து திரும்பக் காத்திருந்தவர்கள் சுமார் 9,000 பேர். நாடாளுமன்றக் குழு முன் வெளிவந்த இன்னொரு எண்ணைத்தான் மனம் ஏற்க மறுக்கிறது. பெற்றோர் ஆஸ்திரேலியாவிலும் தாங்கள் இந்தியாவிலுமாகச் சிக்கியிருந்த சிறுவர்கள் 173 பேர். பெரும்பாலும் தாத்தா பாட்டியிடம் சில மாதங்களுக்கு விடப்பட்ட பிள்ளைகள். துணையில்லாத சிறுவர்களைச் சிறப்பு விமானங்கள் ஏற்றவில்லை. அழைத்து வரப் போகலாம் என்றால் பெற்றோருக்கு வெளியேறும் அனுமதி கிடைக்க வேண்டும், போனால் திரும்பி வர முடியுமா என்பது தெரியாது. தாத்தா பாட்டியே அழைத்துப் போகலாம் என்றால், ஆஸ்திரேலியக் குடிமக்களின் பெற்றோர் 'நெருங்கிய குடும்பத்தினர்' பட்டியலில் இல்லை. 2021 நவம்பர் 1 அன்றுதான் அவர்கள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்த நுழைவுத் தடையை எதிர்த்து, பெங்களூரில் சிக்கிய ஆஸ்திரேலிய முதியவர் ஒருவர் சார்பில் சிட்னியில் உள்ள ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்கு தொடுக்கப்பட்டது. குடிமகன் தன் நாட்டுக்குள் நுழையும் உரிமை ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் ஊறியது என்று வாதிட்டார்கள். மே 10 அன்று நீதிபதி தாலி முதற்கட்ட வாதங்களை நிராகரித்தார். 2015ஆம் ஆண்டின் உயிரிப் பாதுகாப்புச் சட்டம் அமைச்சருக்குக் கொடுத்த அதிகாரம் வேறெந்தச் சட்டத்தையும் மீறி நிற்கக்கூடியது, அந்த உரிமையையும் அது கட்டுப்படுத்தலாம் என்றது தீர்ப்பு. ஆஸ்திரேலியாவின் அரசமைப்பில் அடிப்படை உரிமைகளின் பட்டியல் இல்லை. இருந்திருந்தால் வழக்கின் போக்கு மாறியிருக்கக்கூடும். ஆணை மே 15 அன்று காலாவதியானது. அன்று டெல்லியிலிருந்து டார்வினில் வந்திறங்கிய முதல் விமானத்தில் 150 பேர் வர வேண்டியிருந்தது. பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களும் அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களுமாக எழுபதுக்கும் மேற்பட்டோர் டெல்லியிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

ஆகஸ்டில் இன்னொரு திருப்பம். அதுவரை, வெளிநாட்டில் வழக்கமாக வசிக்கும் ஆஸ்திரேலியர்கள் ஊருக்கு வந்துவிட்டுத் தாங்கள் வாழும் நாட்டுக்கு அனுமதியின்றித் திரும்பலாம். 2021 ஆகஸ்ட் 11 முதல் அந்த விலக்கு நீக்கப்பட்டது. லண்டனிலோ சிங்கப்பூரிலோ வேலையும் பிள்ளைகளும் உள்ள ஒருவர் நோயுற்ற தகப்பனைப் பார்க்க சிட்னி வந்தால், திரும்பிப் போக எல்லைப் படையிடம் விண்ணப்பிக்க வேண்டும். இன்னொரு நாட்டு பாஸ்போர்ட் கையில் இருந்தாலும் பயனில்லை. தடை ஆளுக்கே ஒழிய, அவர் நீட்டும் பாஸ்போர்ட்டுக்கு அல்ல. இரண்டு நாட்டுக்கும் உரியவர் என்று பெருமையோடு வாழ்ந்தவர்கள், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். நவம்பர் 1 அன்று தடுப்பூசி போட்டவர்களுக்கு இந்தத் தடை விலகியது.

பக்கத்து நாடான நியூசிலாந்து சிறைத் தண்டனை என்று மிரட்டவில்லை. ஆனால் 2021 ஏப்ரல் 11 முதல் 28 வரை இந்தியாவிலிருந்து தன் குடிமக்களும் வரத் தடை போட்டது. மற்ற நேரங்களில் தனிமைப்படுத்தல் அறைக்கு இணையத்தில் முன்பதிவு. செப்டம்பர் 20 அன்று தொடங்கிய குலுக்கல் முறையில் 3,205 அறைகளுக்கு 31,000க்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்றார்கள். கர்ப்பிணியும், வேலை முடிந்து விசா தீர்ந்தவரும், சுற்றுலாவுக்குப் போனவரும் ஒரே குலுக்கலில். இதை எதிர்த்துக் 'கிரவுண்டட் கிவீஸ்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2022 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பு வந்தது. தனிமைப்படுத்தல் தேவைதான், ஆனால் தனிப்பட்டவரின் அவசரத்தையும் காத்திருந்த காலத்தையும் பார்க்காத அந்த முறை, சிலரைப் பொறுத்தவரை நாட்டுக்குள் நுழையும் உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. தொற்றைக் காரணம் காட்டி ஓர் அரசு எதுவரை போகலாம் என்பதற்கு நிதானமான அளவுகோல் இந்தத் தீர்ப்பில் கிடைக்கிறது.

யாருடைய நாடு?

சர்வதேச உடன்படிக்கை இதில் மௌனமாக இல்லை. குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 12(4) பிரிவு, எவருடைய சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையையும் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்கிறது. ஐ.நா. மனித உரிமைக் குழு 1999இல் தந்த விளக்கம் ஒரு படி மேலே போகிறது. சொந்த நாடு என்பது குடியுரிமை உள்ள நாடு மட்டுமல்ல, ஒருவருக்கு ஆழ்ந்த பிணைப்புள்ள, அவரை வெறும் அந்நியராகக் கருத முடியாத நாடும் அதில் அடங்கலாம் என்றது. 2021 ஏப்ரலில், அமெரிக்காவில் சிக்கிய இரு ஆஸ்திரேலியர்களின் முறையீட்டை ஏற்று, அவர்கள் விரைந்து திரும்ப வழி செய்யுமாறு அதே குழு ஆஸ்திரேலியாவைக் கேட்டுக்கொண்டது. ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களுக்கும் அந்த விளக்கத்தைப் பொருத்திப் பார்க்க இடம் இருக்கிறது. சென்னையில் பிறந்து, படித்து, பெற்றோரையும் வீட்டையும் இங்கே வைத்திருக்கும் ஒருவரை வெறும் அந்நியர் என்று எப்படிச் சொல்வது?

இரட்டைக் குடியுரிமைக்காரர்கள் அறியாத இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் எந்த நாட்டின் குடிமகனோ அந்த நாட்டுக்குள் இருக்கும்போது, அவருடைய இன்னொரு நாட்டின் தூதரகம் அவருக்காகத் தலையிட முடியாது. 1930ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் எழுதப்பட்ட கொள்கை இது. 2020 ஜனவரி இறுதியில் வூஹானிலிருந்து பிரிட்டன் தன் மக்களை அழைத்துப் போக முனைந்தபோது இது கண்கூடாகத் தெரிந்தது. சீனா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், சீன பாஸ்போர்ட் உள்ள கணவனோ மனைவியோ பிள்ளையோ வர முடியாது என்று முதலில் சொல்லப்பட்டது. குடும்பங்கள் பிரிவதா, தங்குவதா என்று தவித்தபின் சீனா இறங்கி வந்தது.

இந்த விதிகளையெல்லாம் நடைமுறையில் செயல்படுத்துபவர் நீதிபதியோ அமைச்சரோ அல்லர். விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் நிற்கும் ஊழியர்தான். தகுதியில்லாத பயணியை ஏற்றி வந்தால் நிறுவனத்துக்கு அபராதம். ஆகவே சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதே அவருக்குப் பாதுகாப்பு. அவர் பார்ப்பது 'டிமாட்டிக்' என்ற கணினித் தரவுத்தொகுப்பை. பெருந்தொற்றில் நாளுக்கு நாள் மாறிய சுற்றறிக்கைகள் அதில் ஏறுவதற்குள் பயணியின் விமானம் போய்விடும். சுற்றறிக்கையை அச்சிட்டு எடுத்துப் போனவர்கள் சிலர் வாதாடி ஏறினார்கள். வயதானவர்களாலும் கைக்குழந்தையோடு தனியே வந்த தாய்மார்களாலும் அப்படி வாதாட முடியவில்லை.

அடுத்த பெருந்தொற்று வந்தே தீரும் என்று மருத்துவ உலகம் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2020இல் எந்த அரசிடமும் முன்மாதிரி இல்லை, தடுமாறின என்று ஏற்றுக்கொள்ளலாம். இப்போது அந்தச் சாக்கு செல்லாது. இந்திய அரசு செய்ய வேண்டியது பெரிய சட்டத் திருத்தம் அல்ல. 2020 மே 22 சுற்றறிக்கையில் சொன்ன விலக்குகளையும், அதில் விடுபட்டவர்களையும் சேர்த்து ஓ.சி.ஐ. விதிகளிலேயே எழுதி வைத்துவிடலாம். இந்தியப் பெற்றோரோடு வரும் மைனர் குழந்தைக்கு எந்த நெருக்கடியிலும் தடை இல்லை. இந்தியாவில் நிரந்தரமாக வசிக்கும் அட்டைக்காரர் குடிமகனைப் போலவே தனிமைப்படுத்தலுக்கு உட்பட்டுத் திரும்பலாம். சாகும் தறுவாயில் உள்ள பெற்றோரைப் பார்க்க வருபவர், அவர்கள் இறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தூதரகங்களில் பாஸ்போர்ட் பிரிவு, அவசரப் பணியாகக் கருதப்பட்டு திறந்திருக்க வேண்டும். காலாவதியான பாஸ்போர்ட்டில் ஊர் திரும்ப அமெரிக்கா அனுமதித்ததைப் போன்ற ஏற்பாட்டை நெருக்கடியின் முதல் வாரத்திலேயே எல்லா நாடுகளும் அறிவிக்க முடியும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்கள் அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பேரக்குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்தாண்டில் முடியும் என்பதை நினைவில் வைத்து, முடிய ஓராண்டு இருக்கும்போதே புதுப்பிக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் மாறினால் மூன்று மாதத்துக்குள் ஓ.சி.ஐ. இணையதளத்தில் பதிவேற்றச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டிலும் அட்டையிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுப் போகும் பெற்றோர், நோட்டரி கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவர்கள் விடுமுறைக்கு வந்திருக்கும்போதே இதையெல்லாம் செய்துவிடுங்கள்.